தறிக்காரர் தந்த துளை அட்டை



பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு சிறியது என்பது திருப்பூரில் வாழும் நமக்குத் தெரியும். சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கி, மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து, சந்தைக்குப் போய் வந்து, வாரத் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டால் பொழுது சாய்ந்துவிடும். அந்த ஒரு நாளிலும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கணினியும் இணையமும் கற்றுக்கொள்ள வாருங்கள் என்று பங்கு மக்களை அழைத்தபோது, யார் வரப்போகிறார்கள் என்ற சந்தேகம் நமக்கு இருந்தது. பன்னிரண்டு பேர் வந்தார்கள். நான்கு பழைய கணினிகளைச் சுற்றி மும்மூன்று பேராக அமர்ந்தார்கள்.

அவர்களுள் ஒரு சகோதரி, பதினைந்து ஆண்டுகளாகச் செக்கிங் வேலை பார்க்கிறவர். துணியில் ஊசி ஓட்டை, நூல் விட்ட இடம், எண்ணெய்க் கறை ஆகியவற்றைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவது அவருடைய தொழில். மவுசைத் தொட்டால் ஏதாவது கெட்டுப்போகுமோ என்று கையை மடியிலேயே வைத்திருந்தார். இந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று அவர் கேட்டார். நாமும் படித்ததை ஒப்புவித்தோம். கணினிக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான், ஒன்று, சுழி. எழுத்தும் படமும் பாட்டும் அதற்குள் அப்படித்தான் இருக்கின்றன என்று விளக்கினோம். அவருக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால், நாம் சொன்ன விதமும் அப்படித்தான் இருந்தது.

பேரனைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்த அவருடைய மாமனார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சென்னிமலைப் பக்கம் நாற்பது ஆண்டுகள் கைத்தறி நெய்தவர். உள்ளே வந்து மருமகளிடம், இது ஜக்கார்டு அட்டைதானே அம்மா, ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது, அவ்வளவுதான் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். சகோதரியின் முகம் தெளிந்தது. பெரியவர் ஒப்புமைக்காகச் சொன்னது வெறும் ஒப்புமை அல்ல, வரலாறும் அதுவே. அந்த அட்டைக்குப் பின்னால் இருக்கும் மனிதரின் வாழ்க்கையை வகுப்பில் சிறிது சிறிதாகச் சொன்னோம். இங்கே உங்களுக்காக அதையே எழுதுகிறோம்.

ஜக்கார்டு என்பதை ஏதோ இயந்திரக் கம்பெனியின் பெயர் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் மரி ஜக்கார் 1752ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். ரோன், சோன் என்ற இரு ஆறுகள் கூடும் இடம் லியோன். நமக்குப் பனியன் எப்படியோ, அவர்களுக்கு அப்படிப் பட்டு. அரச குடும்பத்தார் உடுத்தும் பூவேலைப் பட்டும், ஆலயங்களில் குருக்கள் அணியும் திருவுடைகளுக்கான சரிகைப் பட்டும் அங்கிருந்தே ஐரோப்பா எங்கும் போயின. நகரம் முழுவதும் தறிச் சத்தம். முதலாளி நூலும் டிசைனும் கொடுப்பார். நெசவாளி தன் வீட்டில் தன் தறியில் நெய்து, அளந்து கூலி வாங்குவார். நம்மூர் பீஸ் ரேட் போலத்தான்.

ஜக்காரின் தந்தை சொந்தத் தறி வைத்திருந்த நெசவாளி. தாயார் டிசைன் வாசிக்கும் தொழில் செய்தவர். கட்டம் போட்ட தாளில் வரைந்த பூவைப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் எந்தெந்தப் பாவு நூலைத் தூக்கவேண்டும் என்று சொல்லித் தறியைத் தயார் செய்யும் வேலை அது. தாயார் டிசைனை வாசித்தாரே தவிர, மகன் எழுத்தை வாசிக்கவில்லை. பள்ளிக்கு அனுப்பப்படாத அந்தச் சிறுவனுக்குப் பதின்மூன்று வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. பத்து வயதில் தாயை இழந்தான். பின்னர் அக்காள் கணவர் பாரே, அச்சகமும் புத்தகக் கடையும் வைத்திருந்தவர், அவனைக் கூட்டிவைத்து எழுத்துக் கற்றுக்கொடுத்தார். கணினிக்கு வழி திறந்த மனிதருக்கு எழுத்தறிவு வந்தது மச்சான் உறவில்! பங்கு வகுப்பில் தங்கைக்கு அண்ணன் மனைவியும், மாமியாருக்கு மருமகளும் மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கும்போது நமக்கு அந்தப் பாரே நினைவுக்கு வருகிறார்.

எழுத்துக்கு முன்பே அந்தச் சிறுவன் கற்றது வேறொன்று. அக்காலத்துப் பூவேலைத் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நெசவாளி முன்னால் அமர்ந்து நாடா எறிவார். தறியின் பக்கத்தில், அல்லது மேலே ஏறி, ஒரு சிறுவனோ சிறுமியோ கயிறு இழுக்கவேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்தப் பாவு நூல்கள் மேலே வரவேண்டுமோ அவற்றின் கயிறுகளைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, நாடா ஓடும் வரை தாங்கி நிற்கவேண்டும். அடுத்த ஊடைக்கு வேறு கொத்து. நூற்றுக்கணக்கான நூல்களின் பாரமும் அவற்றை இழுத்து நிறுத்தும் எடைக்கட்டிகளின் பாரமும் அந்தப் பிஞ்சுக் கைகளில். காலை முதல் இரவு வரை ஒரே நிலையில் நின்று வளைந்துபோன முதுகும் தோளும் லியோன் தெருக்களில் சாதாரணக் காட்சி. சிக்கலான பூவேலை என்றால் இருவரும் நாள் முழுவதும் உழைத்து ஓர் அங்குலம் நெய்வதே பெரிது. ஜக்காரும் சிறுவயதில் தந்தையின் தறியில் இந்தக் கயிறு இழுத்தவர்தான் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

நம் ஊரிலும் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குச் சிறுவர் சிறுமியர் போன காலம் உண்டு. இதை வாசிக்கும் சிலர் அந்த வேலையிலிருந்தே டெய்லர் ஆனவர்கள். பள்ளிக்கூட மணி அடிப்பது காதில் விழ, கம்பெனியில் நின்ற நினைவு அவர்களுக்கு இருக்கும். கயிறு இழுத்த சிறுவனின் கதையை அவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

1772இல் தந்தையும் இறந்தார். வீடு, தறிகள், சிறு திராட்சைத் தோட்டம் ஆகியவை ஜக்காருக்கு வந்தன. 1778இல் கிளோதின் புவாஷோன் என்ற கைம்பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரே மகன் பிறந்தான். ஆனால் ஜக்காருக்கு வியாபாரம் கைவரவில்லை. கடன் ஏறியது. சொத்துகள் கைமாறின. தறியில் எதையாவது மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட ஆள்கள் நம் தெருவிலும் உண்டு. வீட்டில் அவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது கடினம். மனைவி வைக்கோல் தொப்பி பின்னிக் குடும்பத்தைத் தாங்கினார் என்று பழைய நூல்கள் கூறும். கிளோதின் அம்மாளைப் பற்றி அந்நூல்கள் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதன்பின் பிரெஞ்சுப் புரட்சி. 1793இல் லியோன் நகரம் பாரிசில் இருந்த புரட்சி அரசை எதிர்த்து எழுந்தது. இரண்டு மாத முற்றுகைக்குப் பின் அக்டோபரில் நகரம் வீழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நகரைக் காத்தவர்களின் பக்கம் நின்ற ஜக்கார், பதின்ம வயது மகனுடன் தப்பி, பெயரை மாற்றிக்கொண்டு, எந்த அரசிடமிருந்து தப்பினாரோ அந்த அரசின் படையிலேயே சேர்ந்தார். அது ஒன்றே அன்று பாதுகாப்பான இடம். ரைன் நதிப் பக்கம் நடந்த சண்டையில் மகன் குண்டு பட்டு, தந்தையின் அருகிலேயே இறந்தான். ஒரே மகன். ஜக்கார் தனியாக லியோன் திரும்பியபோது நகரம் பாழாகிக் கிடந்தது. தறிகள் பல நின்றுவிட்டன. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

நம் பார்வையில் அவருடைய வாழ்க்கை அந்த வயதில்தான் தொடங்குகிறது. கணினி கற்கும் வயது தாண்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்த நம் வகுப்பு அன்பர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கயிறு இழுக்கும் ஆளே இல்லாமல் தறி தானாகப் பூப்போட வேண்டும் என்பது அவருடைய முயற்சி. 1801இல் பாரிசில் நடந்த தொழில் பொருட்காட்சியில் அவர் செய்த தறிக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அந்நாட்களில் மீன்வலை பின்னும் பொறி செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் பரிசு அறிவித்தது. பட்டுக்காரரான ஜக்கார் அதையும் செய்து பார்த்தார்; பரிசும் பெற்றார். இன்று நாம் வலைத்தளம் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இந்த மீன்வலை நமக்கு நினைவு வருகிறது.

1803இல் அவர் பாரிசுக்கு அழைக்கப்பட்டார். அங்கே கலைகளுக்கும் கைத்தொழில்களுக்குமான காப்பகம் ஒன்றைப் புரட்சி அரசு அமைத்திருந்தது. புனித மார்ட்டின் பெயரால் விளங்கிய பழைய துறவு மடத்தின் கட்டிடம் அது. மடத்தில் அப்போது துறவியர் இல்லை, இயந்திரங்கள் இருந்தன. அவற்றுள் வோகான்சோன் என்பவர் 1740களில் செய்து, யாரும் பயன்படுத்தாமல் விட்ட ஒரு தறி கிடந்தது. இவர் இயந்திர வாத்து செய்து அரசவையை வியக்க வைத்தவர். அவருக்கும் முன்னால், லியோன் நகரத்துப் பசில் பூஷோன் 1725இல் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பொருத்தியிருந்தார். சில ஆண்டுகளில் ஃபால்கோன் என்பவர் காகிதத்துக்குப் பதிலாக அட்டைகளைச் சங்கிலி போலக் கோத்தார். ஆனாலும் இவற்றை இயக்க ஓர் ஆள் பக்கத்தில் நிற்கவேண்டியிருந்தது. மூவரும் பாதியில் விட்ட வேலையை ஜக்கார் ஒன்றாகச் சேர்த்தார். 1804இல் அவருடைய பொறி உருவாயிற்று. ஆகவே ஒரே நாளில் ஒரே மூளையில் உதித்த அற்புதம் என்று இதைச் சொல்லமுடியாது. அட்டைகள் நழுவாமல் ஒழுங்காகத் திரும்பும் வழியைக்கூடப் பின்னாளில் பிரெத்தோன் என்ற இன்னொருவரே சரிசெய்தார். பெயர் மட்டும் ஜக்காருக்கு நின்றது.

அந்தப் பொறி வேலை செய்யும் விதத்தைச் சற்று நின்று பார்ப்போம். கணினியின் அடிப்படைப் பாடம் இதிலேயே அடங்கியிருக்கிறது. முதலில் கட்டத் தாளில் பூ வரைகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு நூலும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். தாளின் ஒரு வரிக்கு ஓர் அட்டை. வண்ணம் தீட்டிய கட்டத்துக்கு அட்டையில் துளை. வெற்றுக் கட்டத்துக்குத் துளை இல்லை. இப்படிக் குத்திய அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேல் தொங்கவிடுகிறார்கள். நெசவாளி மிதியை மிதித்தால் ஓர் அட்டை வந்து ஊசிகளின் வரிசைமேல் அழுந்துகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதனோடு சேர்ந்த கொக்கி தன் இடத்தில் நின்று, மேலே எழும் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். கொக்கி சட்டத்திலிருந்து விலகி, நூல் கீழேயே நிற்கும். நாடா ஓடும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. அட்டைகளை மாற்றினால் பூ மாறும், தறியை மாற்றவேண்டாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வகுப்பில் இரண்டு முறை சொன்னோம். கணினி என்ற பெட்டி ஒன்றே. அதில் இடும் கட்டளைத் தொகுப்பை மாற்றினால் கணக்கு எழுதும், கடிதம் எழுதும், படம் காட்டும். நாம் சாஃப்ட்வேர் என்பது தறிக்காரர் பாஷையில் அட்டைக் கட்டு. செக்கிங் சகோதரிக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. அவருடைய மேசையில் ஓட்டை என்றால் டேமேஜ், துணி திரும்பிப் போகும். இங்கே ஓட்டைதான் செய்தி.

1805 ஏப்ரலில் நெப்போலியன் தன் மனைவியோடு லியோனுக்கு வந்தபோது இந்தத் தறியைப் பார்த்தார். பொறி பொதுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது; யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஜக்காருக்கு ஆண்டுக்கு 3000 பிராங்க் ஓய்வூதியமும், ஆறு ஆண்டுகளுக்கு ஒவ்வொரு தறிக்கும் 50 பிராங்க் தொகையும் ஒதுக்கப்பட்டன. பெரும் பணக்காரர் ஆகியிருக்க வேண்டியவர் இதோடு அமைதி அடைந்தார். 1812இல் பிரான்சில் இத்தகைய தறிகள் 11,000 இருந்தன. ஓர் ஆள் நாளுக்கு இரண்டடி வரை பூவேலைப் பட்டு நெய்தார். தறியின் மேல் பொறி ஏறியதால் உயரம் கூடிற்று. குருவா ரூஸ் குன்றின்மேல் நான்கு மீட்டர் உயரக் கூரையோடு நெசவாளர் வீடுகள் எழுந்தன. இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

ஆனால் நெசவாளிகள் அவரைக் கொண்டாடினார்களா? இல்லை. தறிக்கு இரண்டு பேர் என்பது ஒருவராயிற்று. பொறியைத் தெருவில் போட்டு உடைத்தார்கள், எரித்தார்கள், அவரையே ரோன் ஆற்றில் தள்ளப் பார்த்தார்கள் என்று லியோனில் வழிவழியாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் எழுதியவர்கள் இதை அறியாமை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கயிறு இழுத்த பெண்பிள்ளைக்கு வளைந்த முதுகோடு சேர்த்து வாரக் கூலியும் போயிற்று. துணி வேகமாக நெய்யப்பட்டதே தவிர, நெசவாளியின் வேலை நேரம் குறையவில்லை; பதினான்கு மணி நேரம் தறியில் இருந்தார்கள். பொறியின் விலைக்கு வாங்கிய கடன் வேறு. 1831 நவம்பரில் கூலிக்கு ஒரு கீழ்வரம்பு கேட்டு அதே குருவா ரூஸ் நெசவாளர்கள் எழுந்தார்கள். நகரமே சில நாள் அவர்கள் கையில் இருந்தது. 1834 ஏப்ரலில் மறுபடி எழுந்தபோது படை வந்து அடக்கியது. அந்த நேரம் ஜக்கார் நகரத்துக்கு வெளியே ஊல்லான் என்ற ஊரில், எண்பத்திரண்டு வயதை நெருங்கும் முதியவராக, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீரங்கிச் சத்தத்தைக் கேட்டபோது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் அங்கேயே இறந்தார். 1840இல் லியோன் நகரம் அவருக்குச் சிலை வைத்தது.

லியோனில் நெசவாளர் குன்றுக்கு எதிரே ஃபூர்வியேர் என்ற இன்னொரு குன்று உண்டு. அங்கே அன்னை மரியாவின் ஆலயம் இருக்கிறது. ஒன்று உழைக்கும் குன்று, மற்றது செபிக்கும் குன்று என்பது அவ்வூர் வழக்கு. ஜக்கார் வாழ்ந்த காலத்தில் அதே நகரில் பட்டு முதலாளி ஒருவரின் மகள் பவுலின் ஜரிக்கோ, பட்டாலைப் பெண்களிடம் வாரம் ஒரு காசு சேர்த்து மறைப்பணிகளுக்கு அனுப்பத் தொடங்கினார். 1822இல் அது விசுவாசப் பரப்புதல் சங்கமாக அமைந்தது. இந்தியாவின் மறைப்பணித் தளங்களுக்கும் அதன் உதவி வந்தது. 2022 மே 22இல் பவுலின் அருளாளராக உயர்த்தப்பட்டார். நம் கோவையின் முதல் மறைவட்ட ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக்கும் இங்கிருந்து திரும்பிப் போனபின், 1856இல் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை அந்த ஃபூர்வியேர் குன்றில்தான் தொடங்கினார். லியோனின் தறிக் கூலியில் ஒரு பங்கு இந்திய மறைப்பணிக்கு வந்திருக்கிறது என்று சொன்னபோது, வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மறுபடி அட்டைக்கு வருவோம். ஜக்கார் இறந்த அதே 1834இல் இலண்டனில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர், எந்தக் கணக்கையும் போடக்கூடிய பெரிய பொறி ஒன்றைச் சிந்திக்கத் தொடங்கினார். அதற்குக் கட்டளை கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை ஜக்காரின் துளை அட்டை. லியோன் நெசவாளர்கள் 1839இல் ஜக்காரின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் பிடித்தன. அச்சிட்ட ஓவியம் என்றே பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். பாபேஜ் அதில் ஒன்றை வாங்கித் தம் வீட்டில் மாட்டி, விருந்தினருக்குக் காட்டினார். அவருடைய பொறியைப் பற்றி 1843இல் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல இது கணக்குகளை நெய்யும் என்ற பொருளில் விளக்கினார். பொறி முழுமையாகச் செய்யப்படவே இல்லை. ஆனால் 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எர்மன் ஹோலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார். அவர் தொடங்கிய தொழில் வேறு நிறுவனங்களோடு இணைந்து 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது.

அந்த ஐ.பி.எம். வாசலில் 1949இல் ஓர் இயேசு சபைக் குரு போய் நின்றார். இத்தாலியரான ரொபெர்த்தோ பூசா அடிகள். புனித தாமஸ் அக்குவினாசின் எழுத்துகளில் உள்ள ஒவ்வொரு சொல்லையும், ஏறத்தாழ ஒரு கோடிச் சொற்களுக்கும் மேல், இடத்தோடு வரிசைப்படுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. நிறுவனத் தலைவர் உதவ ஒப்புக்கொண்டார். வேலை முப்பது ஆண்டு நீண்டது. மிலான் அருகே கல்லராத்தே என்ற துணியாலை ஊரில், அடிகள் இளம்பெண்களுக்குக் கணினி அட்டை குத்தும் பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1960களில் அவர்கள் வேலை செய்த கூடம் முன்னர் ஒரு துணி ஆலையாக இருந்தது. தறியிலிருந்து புறப்பட்ட அட்டை, தறி நின்றுபோன கூடத்துக்கே திரும்பி வந்தது என்று சொல்லலாம். இலத்தீன் மொழி அறியாத அந்தப் பெண்கள் பிழையில்லாமல் குத்திய அட்டைகளிலிருந்து 56 தொகுதிகள் வெளிவந்தன. 2005 முதல் அவை இணையத்தில் இருக்கின்றன. யாரும் எங்கிருந்தும் தேடிப் படிக்கலாம். அடிகள் 2011இல், 97 வயதில் இறந்தார். பெண்களின் பெயர்கள் பல ஆண்டுகள் எங்கும் எழுதப்படாமல் இருந்தன. அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார்கள்.

நம் வகுப்பில் இப்போது இணையப்பக்கம் வடிவமைக்கும் பாடம் நடக்கிறது. திரை என்பது நெருக்கமான சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த நிறம் என்று எண்ணால் சொல்லவேண்டும். பக்கத்தின் பின்னணிக்கு ஆறு இலக்கக் குறி: ஆறு சுழி இட்டால் கறுப்பு, ஆறு முறை எஃப் என்று இட்டால் வெள்ளை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் அளவே அந்தக் குறி. சாயப்பட்டறையில் வேலை செய்யும் அன்பர் ஒருவர், சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் வரும் என்பதை மட்டும் ஏற்கவே மாட்டேன் என்றார். சாயத்தொட்டியில் அப்படி வராது என்பது அவருடைய அனுபவம். சாயம் ஒளியை விழுங்குகிறது, திரை ஒளியைத் தருகிறது என்று சொல்லிப் பார்த்தோம். கடைசியில் குறியை மாற்றி மாற்றித் திரையிலேயே மஞ்சளைப் பார்த்தபின்தான் விட்டார். அவருடைய கம்பெனியில் ஷேட் சரிபார்க்க இப்போது கணினி வந்துவிட்டது. தமக்கு அடுத்த ஆண்டு அங்கே வேலை இருக்குமா என்று வகுப்பு முடிந்தபின் தனியே கேட்டார். நம்மிடம் அதற்குப் பதில் இல்லை. அடுத்த ஞாயிறும் வாருங்கள் என்று மட்டும் சொன்னோம். வருகிறார்.

சென்ற ஞாயிறு செக்கிங் சகோதரி தம் முதல் பக்கத்தைச் செய்தார். இணையதளத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் தெரியும் சின்னஞ்சிறு படம் உண்டல்லவா, அதற்குப் பக்கவாட்டில் பதினாறு, மேலும் கீழுமாகப் பதினாறு கட்டங்கள் போதும். மகனுடைய கணக்கு நோட்டிலிருந்து கட்டத் தாளைக் கிழித்து வந்து, பென்சிலால் ஒரு மல்லிகைப் பூவை நிரப்பி, அதைப் பார்த்துக் கட்டம் கட்டமாகத் திரையில் இட்டார். பேரனைக் கூட்டிப்போக வந்த மாமனார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தாளை வாங்கி, மேலிருந்து கீழே வரிகளை எண்ணினார். பதினாறு அட்டை போதும் என்றார்.